சத்தம் போடாத அலாரம்

நகைக்கடையில் அலாரம் இருக்கிறதா? திருடன் கத்தியைக் காட்டி "அணைத்துவிடு" என்று மிரட்டினால் அழுத்துவதற்கென்றே தனி எண் ஒன்று வையுங்கள். பல கருவிகளில் இந்த வசதி உண்டு. பொருத்துபவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அழுத்தியதும் அலாரம் வழக்கம்போல அணையும், திருடனுக்குச் சந்தேகம் வராது. அலாரத்தோடு இணைந்த கண்காணிப்பு மையத்துக்கு மட்டும் ஓசையில்லாமல் தகவல் போகும்.

அன்றாட எண் 4826 என்றால் மிரட்டலுக்கான தனி எண்ணாக 4827 வேண்டாம். அவசரத்தில் விரல் தவறினால் போலீஸுக்கு வீண் அலைச்சல். மையத்துக்குச் சொல்லிவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தகவல் வந்ததும் கடைக்கே திருப்பி அழைக்கக் கூடாது என்றும் பேசி வையுங்கள். போன் மணி அடித்தால் குட்டு உடைந்துவிடும்!

ஆனால் ஏ.டி.எம்.மில் ரகசிய எண்ணைத் தலைகீழாகப் போட்டால் போலீஸ் வருமென்பது வெறும் வாட்ஸ்அப் புரளி.