விமானம் தாமதமானால்: கவுன்ட்டரில் சொல்வதும் விதியில் இருப்பதும்

வடகிழக்குப் பருவமழையில் ஒரு புயல், போகி விடியலில் புகை, டெல்லியில் ஜனவரிப் பனிமூட்டம். சென்னை விமான நிலையத்தில் பயணிகள் பலகையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்க இவற்றில் ஒன்று போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. அப்படிக் காத்திருக்கும் கூட்டத்தில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். “இரண்டு மணி நேரம் தாமதமானால் பத்தாயிரம் ரூபாய் தர வேண்டும்” என்று வாட்ஸ்அப்பைக் காட்டுவார் ஒருவர். “ஒன்றும் தேறாது, பேசாமல் உட்காருங்கள்” என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. இந்தத் தவறுகளுக்கு விலை கொடுப்பவர்கள், கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் வந்து, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்கள்.

“தாமதமானால் பணம் கிடைக்கும்.”

உள்நாட்டு விமானம் தாமதமானதற்காக மட்டும் ரொக்க இழப்பீடு தரும்படி டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்லவில்லை. அது சொல்வது சாப்பாடு, தங்குமிடம், மாற்று ஏற்பாடு. பயண நேரம் இரண்டரை மணிக்குள் இருக்கும் மதுரை, கோவை போன்ற தடங்களில் இரண்டு மணி நேரம் தாமதமானாலே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். சென்னை–டெல்லி போன்ற நீண்ட தடத்தில் அது மூன்று மணி நேரம். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று பயணியைக் கேட்க வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, எந்த விமானமும் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஹோட்டல் அறையும் போய்வர வண்டியும் நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருக்க வேண்டும். ஆனால் கேட்காதவரைத் தேடி வந்து கூப்பன் கொடுப்பது அபூர்வம். கேளுங்கள்.

பணம் கிடைப்பது வேறு இரண்டு இடங்களில். 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அது. மலிவு டிக்கெட் எடுத்தவருக்கு முழுப் பத்தாயிரம் வராததன் காரணம் இதுதான். இன்னொன்று, இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு உங்களை ஏற்ற மறுப்பது. ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால், தாமதத்தைப் பொறுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை கேட்கலாம்.

“வானிலை என்று சொல்லிவிட்டால் நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை.”

மிக அதிகமாகப் பயணிகளை ஏமாற்றும் நம்பிக்கை இது. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது. புயல், பனிமூட்டம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்று நிறுவனத்தின் கைமீறிய காரணங்கள் என்றால் இழப்பீடு கிடையாது. அது நியாயமும்கூட, ஓடுபாதை தெரியாத நேரத்தில் பறக்கச் சொல்லி யாரும் அபராதம் போட முடியாது. ஆனால் இழப்பீடு இல்லை என்பதற்காகத் தண்ணீரும் சாப்பாடும் இல்லை என்று ஆகிவிடாது.

2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் போக வேண்டியவர்கள் பனிமூட்டத்தால் பல மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் நீதிமன்றம், அந்தத் தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று சொல்லி, கீழே வழங்கப்பட்ட இழப்பீட்டை ரத்து செய்தது. ஆனால் அதே தீர்ப்பில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது: தாமதத்துக்குக் காரணம் யாராக இருந்தாலும், காத்திருக்கும் பயணிக்கு உணவு, தண்ணீர், கழிவறை வசதி போன்ற அடிப்படைக் கவனிப்பைத் தரும் கடமை நிறுவனத்தினுடையது, அதில் தவறினால் அதற்கே இழப்பீடு கேட்கலாம். தோற்ற பயணியின் வழக்கு மற்ற எல்லாப் பயணிகளுக்கும் விட்டுச் சென்ற பாதுகாப்பு இது.

ரத்து என்றால், காரணம் வானிலையே ஆனாலும், பறக்காத பயணத்தின் பணம் உங்களுடையது. அதற்குப் பதில் வவுச்சரை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், திணிக்க முடியாது. ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பணம் திரும்ப வருவதற்கு நிறுவனமே பொறுப்பு. ஒரு எச்சரிக்கை: தாமதம் நீண்டுகொண்டே போகிறதே என்று பொறுமையிழந்து நீங்களே ஆப்பில் ரத்து செய்துவிடாதீர்கள். அது உங்கள் ரத்தாகப் பதிவாகி, அபராதக் கட்டணம் போக மிச்சம்தான் வரும்.

“இங்கே பளீரென்று வெயில், வானிலை என்பது பொய்.”

பெரும்பாலும் பொய் அல்ல. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய்வருகிறது. காலையில் டெல்லியில் சிக்கினால் மாலையில் மதுரையில் தாமதம். விமானிகளின் பணிநேர வரம்பு முடிந்துவிட்டால் விமானம் வந்து நின்றாலும் புறப்பட முடியாது. ஆனால் எல்லாவற்றையும் விதியின் மேல் போடவும் முடியாது. 2025 டிசம்பர் 5 அன்று இண்டிகோவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் விதி வரப்போவது முன்பே தெரிந்ததுதான். அதற்கேற்ப நிறுவனம் ஆள்பலத்தைத் திட்டமிடவில்லை. இதைப் புயலோடு சேர்த்து எண்ணக் கூடாது. எனவே காரணத்தை எழுத்தில், மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ, கேட்டு வாங்குங்கள்.

“நான்-ரீஃபண்டபிள் டிக்கெட், ஒரு பைசா வராது.”

நீங்களே ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணம் வராது. ஆனால் அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், நீங்கள் விமானத்துக்கே போகாமல் விட்டிருந்தாலும்.

“வெளிநாட்டிலும் இதே கதைதான்.”

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இதைவிடக் கடுமையானது. அங்கிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், ஐரோப்பிய நிறுவனம் என்றால் சென்னையிலிருந்து அங்கே போகும் விமானத்துக்கும் அது பொருந்தும். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற நீண்ட தடத்தில் தாமதத்துக்கே 600 யூரோ வரை ரொக்கம். இயந்திரக் கோளாறு பொதுவாகக் கைமீறிய காரணம் ஆகாது என்று 2008-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் ஏறிய பலர் இதைக் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

போர்டிங் பாஸையும், தாமத அறிவிப்பின் படத்தையும், கைக்காசில் வாங்கிய சாப்பாட்டின் ரசீதையும் வைத்திருங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள், பிறகு அரசின் ஏர்சேவா தளத்தில். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.