நூறு முட்டையில் இரண்டு

கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகளுக்கு இலை சுருட்டும் புழுவைத் தெரியாமல் இராது. இரண்டு மூன்று இலைகளை நூலால் ஒட்டி, அந்தக் கூட்டுக்குள் இருந்துகொண்டே தின்னும். பின்பு அந்துப்பூச்சியாகிப் பறக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தாய்ப்பூச்சி நூறு முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறும் பிழைத்து அவற்றில் பாதி பெண்ணானால், அடுத்த தலைமுறையில் 50 தாய்கள், அதற்கடுத்து 2,500, மூன்றாவதில் 125,000. இப்படியே போனால் கம்பளை, நாவலப்பிட்டி மலைகளில் ஓர் இலையும் மிஞ்சாது. ஆனால் மிஞ்சுகிறதே, ஏன்? நூறில் 98, மழையாலும் நோயாலும் பறவைகளாலும் குளவிகளாலும் மடிந்துபோகின்றன. இரண்டு பிழைத்தால் தொகை கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. நான்கு பிழைத்தாலோ, ஒவ்வொரு தலைமுறையிலும் இரட்டிக்கும். 98 சாவதற்கும் 96 சாவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது!

இலங்கையில் முன்பு இந்தப் புழுவின் தொல்லை கடுமையாக இருந்தது. தோட்டங்களில் ஆள் வைத்து முட்டைகளைப் பொறுக்கியும் பார்த்தார்கள். 1935-36இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்தது. அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்னும். புழு பெருகினால் குளவிக்கு இரை பெருகும், குளவியும் பெருகும். புழு குறைந்தால் குளவியும் குறையும். மழைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. புழு கூடினாலும் குறைந்தாலும் அது பெய்கிறபடிதான் பெய்யும். குளவியின் அருமை இதில்தான் இருக்கிறது. சில வருடங்களில் தொல்லை தணிந்தது.

பின்னர் வேறொரு சங்கடம் வந்தது. கண்டிப் பக்கத் தோட்டங்களில் தேயிலைக் கிளையைத் துளைக்கும் சிறு வண்டுக்காக டீல்ட்ரின் என்னும் மருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்தது உண்மை. ஆனால் வெளியே பறந்து திரிந்த குளவிகளும் மடிந்தன. இலைக்கூட்டுக்குள் ஒளிந்திருந்த புழு தப்பியது. அடக்குவாரில்லாமல் அது மறுபடியும் பெருகிற்று. (டீல்ட்ரினை ஒழிக்க 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலக நாடுகள் இணங்கின. கடையில் இன்று கிடைக்கும் மருந்துகளிலும் புழு எது, குளவி எது என்று பாராமல் கொல்பவை உண்டு.)

ஆகவே, கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரும் மருந்துத் தெளிகருவியைத் தோளில் மாட்டுமுன் பத்து இலைக்கூடுகளையாவது பிரித்துப் பார்க்கட்டும். செத்த புழுவின் அருகே சின்னஞ்சிறு கூடுகள் ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அவை குளவிகளுடையவை. அவற்றைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். உயிருள்ள புழுக்களே நிறைய இருந்தால் கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையக் கிளையில் காட்டிக் கேட்கலாம். போகும்போது புழு இருக்கும் இலைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.