பழைய டிஎல்எல்லும் புதிய டாட் நெட்டும்

பாகான் செராயில் தோட்டத்து மக்கள் நடத்திவரும் ஒரு மரண சகாய நிதியின் உறுப்பினர் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பெயர்கள் எல்லாம் திஸ்கி குறியாக்கத்தில் உள்ளன. முரசு அஞ்சலின் ‘இணைமதி’ எழுத்துருவில் தட்டச்சு செய்த மூத்த மாணவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்தக் கோப்பைப் படிக்கத் தெரிந்தது சி++ மொழியில் எழுதிய ஒரு பழைய டிஎல்எல் மட்டுமே. அதன் மூல நிரல் எவரிடமும் இல்லை. வாரிசின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பணம் பெறுவதில் சிக்கல் வரும்.

டாட் நெட்டில் நினைவகத்தை இயக்கச் சூழலே பராமரிக்கும். வேண்டாததை அகற்றும், இருப்பதை இடம் மாற்றியும் வைக்கும். சி++ நிரலோ முகவரிகளை நேரடியாகக் கையாளும். இரண்டையும் இணைக்க ‘டிஎல்எல் இம்போர்ட்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். தொல்லை, அந்த வரி நமக்குச் சொல்லாமல் செய்யும் வேலையில்தான் இருக்கிறது.

சி ஷார்ப்பில் வேறெதுவும் குறிப்பிடாவிட்டால், விண்டோசில் டிஎல்எல் தரும் எழுத்துச்சரத்தை அக்கணினியின் மொழி அமைப்பின்படி யுனிகோடுக்கு மாற்றிவிடும். ‘தமிழ்’ என்ற சொல் திஸ்கியில் 190, 193, 162, 250 என நான்கு பைட்டுகள். ஆங்கில அமைப்பில் இவை நான்கு லத்தீன் குறிகளாகும். பார்க்க அலங்கோலம், ஆனால் மீட்டுவிடலாம். நம் ஊர்க் கடைகளில் சீன அமைப்பில் ஓடும் கணினிகளும் உண்டே! அங்கே 190-உம் 193-உம் சேர்ந்து ஒரே சீன எழுத்தாகிவிடும். பொருந்தாத இணைகள் கேள்விக்குறியானால் மூலப் பெயர் போனது போனதுதான்.

ஆகவே எழுத்துச்சரமாக வாங்காமல் பைட் வரிசையாக வாங்க வேண்டும். நாம் ஒதுக்கி அனுப்பும் பைட் வரிசையை, அழைப்பு முடியும்வரை இயக்கச் சூழல் நகர்த்தாது. அழைப்பு முடிந்த பிறகும் டிஎல்எல் அந்த முகவரியை வைத்துக்கொண்டு எழுதினால் ஆபத்து.

பிறகு எழுத்து வரிசை. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். ‘கொ’ என்பது அதில் 166, 184, 161; அதாவது கொம்பு, ககரம், கால். யுனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. ஆக இரண்டே குறிகள். இந்த இடமாற்றத்தை நாமே எழுத வேண்டும். செய்யாமல் விட்டால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் ஏறாது. மாற்றும் நிரலை 32 பிட்டாகவே தொகுத்து, ஒருமுறை ஓட்டி, பெயர்களை யுனிகோடில் சேமித்துவிட்டால் புதிய மென்பொருளுக்கு அந்த டிஎல்எல் தேவைப்படாது. அச்சிட்ட பட்டியலைப் பழைய இரசீதுகளோடு ஒப்பிடும் வேலையைச் சங்கத்துப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.