அமெரிக்கத் தலைமை ஆசிரியர்கள் கூண்டோடு ஓடினார்களா?

நம்பிக்கை: கொரோனா வந்ததும் அமெரிக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் கும்பல் கும்பலாக வேலையை விட்டார்கள்.

உண்மை: விடப்போவதாகச் சொன்னார்கள். 2021 கடைசியில் அவர்களுடைய தேசியச் சங்கம் கருத்துக் கேட்டபோது, மூன்றாண்டுக்குள் கிளம்பிவிடுவோம் என்றவர்கள் பத்துக்கு நாலு பேர். பத்திரிகைகள் அதையே நடந்துமுடிந்த கதையாக எழுதிவிட்டன. அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் தலையை எண்ணிப் பார்த்தது. 2020–21இல் அரசுப் பள்ளிகளில் இருந்தவர்களில் 80 சதவீதம் பேர் மறு ஆண்டும் அதே பள்ளியில் இருந்தார்கள். 6 சதவீதம் பேர் பள்ளி மாறினார்கள். தலைமைப் பொறுப்பையே விட்டவர்கள் 11 சதவீதம். தொற்றுக்கு முந்தைய 2016–17 கணக்கில் அதே பள்ளியில் தங்கியவர்கள் 82 சதவீதம். இரண்டு புள்ளி வித்தியாசத்துக்கு ‘ஓட்டம்’ என்று பெயர் வைப்பது அநியாயம்.

உண்மையில் கழுத்தைப் பிடித்தது, பள்ளிகள் முழுதாகத் திறந்த 2021–22தான். ஒரு பிள்ளைக்குத் தொற்று என்றால் வகுப்பின் இருக்கை வரைபடத்தை விரித்து, ஆறடிக்குள் கால் மணி நேரம் இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்து, வீட்டுக்கு வீடு போன் போட வேண்டும். முகக்கவசம் வேண்டும் என்று ஒரு பெற்றோர் கத்துவார், வேண்டாம் என்று இன்னொருவர் கத்துவார். மாசசூசெட்ஸில் பள்ளி வேன் ஓட்டவும், நியூ மெக்ஸிகோவில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும் தேசியக் காவல்படை வீரர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முடிவில் ராண்ட் ஆய்வு நிறுவனம் மாவட்டக் கல்வி நிர்வாகிகளிடம் விசாரித்ததில் விலகல் 16 சதவீதம் என்று தெரிந்தது. (இது வேறு அளவுகோல், மேலே சொன்ன எண்களோடு கூட்டிக் கழிக்கக் கூடாது.) அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இறங்கிவிட்டது.

நம்பிக்கை: எல்லாவற்றுக்கும் கொரோனாதான் காரணம்.

உண்மை: நோய் பழசு. தொற்றுக்கு முன்பே அமெரிக்கத் தலைமை ஆசிரியர் ஒரு பள்ளியில் இருப்பது சராசரியாக நான்கே ஆண்டு. ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் ஆண்டுக்கு 21 சதவீதம் பேர் மாறிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்குச் சராசரி 58 மணி நேர வேலை. தேர்வு மதிப்பெண் குறைந்தால் பழி இவர் தலையில் விழும்; ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ, பணத்தைச் செலவழிக்கவோ பல இடங்களில் கை கட்டப்பட்டிருக்கும். பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைத் தராத வேலையில் யார் நிலைப்பார்கள்?

நம்பிக்கை: ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்?

உண்மை: யார் போய் யார் வருகிறார் என்பதைப் பொறுத்தது. சராசரிக்குக் கீழானவர் போய் மேலானவர் வந்தால், மாணவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதப் படிப்பைக் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்று வாலஸ் அறக்கட்டளைக்காக 2021இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அது தலைகீழாகவும் நடக்கும். ஆகவே எல்லா விலகலும் கேடல்ல. நல்லவர் விலகுவதுதான் கேடு.

நம்பிக்கை: பணத்தைக் கொட்டினால் தங்கிவிடுவார்கள்.

உண்மை: தொற்றுக்கால நிவாரணமாகப் பள்ளிகளுக்கு மத்திய அரசு மூன்று தவணையில் சுமார் 19,000 கோடி டாலர் கொடுத்தது. அதற்குக் கெடு இருந்தது. 2024 செப்டம்பரோடு முடிந்தது. நிலைத்த பலன் வேறிடத்தில் தெரிந்தது. நியூயார்க், டென்வர் உள்ளிட்ட ஆறு பெரிய கல்வி மாவட்டங்கள் 2011 முதல் தலைமை ஆசிரியர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, வேலையில் அமர்ந்த பிறகும் வழிகாட்டி வந்தன. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று ஆண்டு தங்கும் வாய்ப்பு மற்ற மாவட்டங்களைவிட 7.8 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்ததை ராண்ட் கண்டது. ஆன செலவு, மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 42 டாலர்.