முதியோரும் ஊர் நீர்நிலைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மாரிமழையே சுண்ணக்கற் பாறையினூடு இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. நவக்கிரி நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் இதற்குப் பிரத்தியட்சமாம். கடன்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நிற்பின், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. ஆதலின் மேலே ஓரடி குறைதல் சிறு நட்டமன்று.

மாரி வெள்ளத்தைத் தேக்கி நிலத்துள் இறக்குவன குளங்களும் கேணிகளுமாம். எவ்வாய்க்கால் எக்குளத்தை அடையும், எக்கிணறு எம்மாதத்தில் உவர்க்கும் என்பன பாடநூல்களில் இல்லை. இயந்திரம் வருமுன் துலா மிதித்து இறைத்த முதியோர் நெஞ்சிலேயே உள்ளன. 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் வேற்றூர்களில் வளர்ந்தோர் பலர் இவற்றை அறியார். அறிந்தோரோ நாடோறும் அருகி வருகின்றனர்.

ஆகவே, உத்தியோகத்தினின்று இளைப்பாறியோரையும் முதிய கமக்காரரையும் பாடசாலைக்கு அழைத்து, மாலை சூட்டி, பிரசங்கஞ் செய்வித்து அனுப்பிவிடுதல் போதாது. அவர்க்குத் தொழில் கொடுத்தலே மெய்யான உபசாரம் என்பது நம் கருத்து.

முதலாவது, பெரியவர் முன்செல்ல, மாணாக்கர் பின்சென்று குளத்தின் எல்லையையும் வாய்க்காலின் போக்கையும் படமாக வரைக. இரண்டாவது, மாதந்தோறும் குறித்த ஒரு நாளில், கட்டுள்ள சில கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து கொப்பியிற் பதிக. பெரியவர் நினைவுகூரும் பழைய மட்டத்தையும் அதனருகே எழுதுக. நினைவு பிறழவுங் கூடுமாதலின், இருவர் மூவர் கூற்றை ஒப்புநோக்குக. மூன்றாவது, மாரிக்கு முன் ஆவணி புரட்டாசியிலே வாய்க்காலைத் துப்புரவாக்குக. மண்வெட்டி இளையோர் கையிலும், வழிகாட்டல் முதியோர் வாயிலும் இருத்தல் தகும்.

தள்ளாமையைக் காரணங்காட்டி முதியோரை விலக்கல் சைவர்க்கு அழகன்று. பிறவியிலே கண்ணொளி இல்லாத தண்டியடிகள் நாயனார், தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று திருவாரூர்த் திருக்குளத்தைக் கல்லினார் என்று பெரியபுராணம் உணர்த்துகின்றது. உடற்குறை தொண்டுக்குத் தடையாகவில்லை. பற்றிச் செல்லக் கயிறொன்றே வேண்டியிருந்தது. நம்மூர் முதியோர்க்கும் அத்தகைய கயிறு ஒன்று வேண்டும். அதனைக் கட்டிக்கொடுத்தல் உபாத்தியாயர் கடனாம்.