கடைக்காலும் அடிப்படையும்

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதல் மொழிக்கு இயல்பு. அப்பெயர்களைத் தொகுத்து மனத்தில் இருத்துவதற்கென்றே திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகளை முன்னோர் இயற்றினர். ஆயினும் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வல்லவன் அவற்றை வழங்கவும் வல்லவன் என்று கொள்ளுதற்கில்லை. ஒரு சொல் நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் சில வேளை நகைப்பு விளையும். சில வேளை வழக்கே விளையும். கட்டடத்தின் அடிப்பகுதியைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்று.

அத்திவாரம், கடைக்கால், வானம், அடித்தளம், அடிப்படை, அடிக்கல், கால்கோள், அதிட்டானம், ஆதாரம் என அவை பலவாகும். இவை யாவும் ஒன்றே எனக் கருதுவோர் வீடு கட்டும் இடத்திற்கு ஒருமுறை சென்று காண்பது நன்று. மனையை அளந்து, கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடிட்ட பின் நிலத்தை அகழ்வர். அவ்வாறு அகழ்வதைத் தென்மாவட்டங்களில் வானம் தோண்டுதல் என்பர். வாணம் என எழுதுவாரும் உளர். தலைக்கு மேலே விரிந்து கிடப்பதும் காலுக்குக் கீழே தோண்டப்படுவதும் ஒரே பெயர் பெற்றது வேடிக்கையே. பின்னர்ப் பள்ளத்தில் மணல் பரப்பி, சல்லியிட்டுக் கெட்டித்து, கருங்கல்லால் கட்டி எழுப்புவர். மண்ணுக்குள் மறையும் அக்கட்டு வேலையே கடைக்கால். கடை என்பது கீழ் எல்லை. கால் என்பது தாங்கி நிற்பது. பள்ளத்தையே கடைக்கால் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. மண்ணுக்கு மேலே, வீட்டுத் தரையின் உயரம் வரை எழும் கட்டினைக் கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்பர். ஆங்கிலச் சொல்லொன்றின் வால் தமிழ் மட்டமாக மாறிவிட்டது! ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கும் கைக்கு அம்மாற்றம் இயல்பாகவே தோன்றியிருக்கும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ‘அத்திவாரம் முடிய இவ்வளவு கூலி’ என்று பேசி வேலையைத் தொடங்குவது பல ஊர்களிலும் உள்ள வழக்கம். மண்மட்டத்தோடு அத்திவாரம் முடிந்தது என்பார் கொத்தனார்; தரைமட்டம் வரையில் அத்திவாரமே என்பார் வீட்டுக்காரர். இருவரும் பொய்யுரைப்பவர் அல்லர். ஒரு சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு எல்லை வகுத்திருந்தனர், அவ்வளவே. ‘கடைக்கால் இத்தனை அடி, அதன்மேல் தரைமட்டம் வரை இத்தனை அடி’ என்று பிரித்து எழுதியிருப்பின் கைகலப்பு வரை சென்றிராது.

அஸ்திவாரம் என்பது வடமொழிச் சார்புடைய சொல். அதனை அத்திவாரம் என எழுதுதல், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்னும் தொல்காப்பிய நெறிக்கு ஒத்ததாகும். யாழ்ப்பாணத்தார் பேச்சிலும் எழுத்திலும் அத்திவாரம் என்றே வழங்குவர். சிங்கள மொழியிலும் இச்சொல் தமிழ்வழிப் புகுந்து வழங்குகிறது. கடைக்கால் இருக்க அத்திவாரம் எதற்கு என்று கேட்பாரும் உளர். பல தலைமுறை நாவில் ஊன்றிய சொல்லைப் பெயர்த்தெறிதல் எளிதன்று, வேண்டுவதும் அன்று. கடைக்காலை மறவாதிருத்தலே வேண்டுவது.

கோயிற் கட்டடக் கலையில் அதிட்டானம் என்றொரு சொல் உண்டு. இதனை அத்திவாரம் என எழுதிவிடுவோர் பலர். அது பிழை. அதிட்டானம் மண்ணுக்குள் மறைவதன்று. சுவருக்குக் கீழே, காண்போர் கண்ணுக்குத் தெரியும்படி, உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை முதலிய உறுப்புகளோடு எழில்பெற நிற்பது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகளை அதிட்டானத்தில்தான் காண்கிறோம். மண்ணுக்குள் புதைந்த பகுதியில் கல்வெட்டுப் பொறித்தால் படிப்பவர் யார்?

அடிக்கல்லும் கால்கோளும் கட்டடத்தின் உறுப்பைவிடத் தொடக்க விழாவையே மிகுதியும் உணர்த்துவன. கால்கோள் என்பது பழஞ்சொல். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் கால்கோட் காதை என ஒரு காதையே உளது. அடிக்கல்லை நாட்டுவர், ‘போடுதல்’ என்பது அதற்குப் பொருந்தாது. கடைக்காலைப் போடுவர், நாட்டார். நாட்டியவுடன் கட்டடம் எழுந்துவிடும் என்பதும் இல்லை. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலைக்கு 1979 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது; சிலை திறக்கப்பெற்றதோ 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். அதன் முழு உயரம் 133 அடி. அதில் 38 அடி பீடம். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிப்பது. பொருளையும் இன்பத்தையும் அறம் தாங்குவதைக் காட்டும் அவ்வடிப்பகுதியையும் பீடம் என்பரே அன்றிக் கடைக்கால் என்னார்.

இனி அடிப்படை. படை என்பதற்கு அடுக்கு என்றொரு பொருள் உண்டு. எனவே அடியில் உள்ள அடுக்கு அடிப்படை. கட்டு வேலையோடு ஒட்டிப் பிறந்த இச்சொல் இன்று கருத்துலகில் குடியேறிவிட்டது. அடிப்படை உரிமை, அடிப்படைக் கல்வி, அடிப்படையற்ற குற்றச்சாட்டு, ‘வயதின் அடிப்படையில்’ என்றெல்லாம் சொல்கிறோம். அத்திவார உரிமை என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே, ‘வீட்டிற்கு அடிப்படை போட்டாயிற்று’ என்றால் கேட்டவர் விழிப்பர். ஆயின் ஆட்டம் காண்பதற்கு அத்திவாரமே வேண்டும். ‘கட்சியின் அத்திவாரமே ஆட்டம் கண்டது’ என்பது வழக்கு. அடித்தளம் ஒன்றே இரு பக்கமும் செல்ல வல்லது. வீட்டிற்கும் ஆகும், வாழ்க்கைக்கும் ஆகும். ஆதாரம் என்பதோ பெரும்பாலும் சான்று என்னும் பொருளுக்கு உரியதாகிவிட்டது. ‘ஆதாரம் காட்டு’ என்றால் எவரும் மண்வெட்டியை எடார்.

ஆங்கிலத்தில் கட்டடத்தின் அடிக்கும், பொதுநலத்திற்கெனப் பொருள் ஒதுக்கி நிறுவும் அமைப்பிற்கும் ஒரே சொல் வழங்குகிறது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஓர் அமைப்பிற்குக் கடைக்கால் என்றோ அடித்தளம் என்றோ பெயர் சூட்டினால் பொருள் விளங்காது. அதற்குரிய தமிழ்ச்சொல் அறக்கட்டளை. கோயிலில் பூசைக்கும் விழாவிற்கும் ஒருவர் நிலமோ பொருளோ ஒதுக்கி வைப்பதைக் கட்டளை என வழங்கிய மரபு அச்சொல்லில் இன்றும் தொடர்கிறது.