விலை உயர்ந்த லேன் கேபிள் பாட்டை இனிமையாக்குமா?

கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வாங்கிய என் மாமா, "ஆறாயிரம் ரூபாய் லேன் கேபிள் போட்டால் பாட்டு இனிமையாகக் கேட்குமாமே?" என்றார். வேண்டாம் என்றேன்.

லேன் கேபிளில் செல்வது இசை அல்ல. 0, 1 என்ற எண்களே. ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமிலும் 32 பிட் சோதனை எண் உண்டு. பிழையான ஃபிரேம் ஒதுக்கப்படும். விடுபட்டதை டிசிபி மீண்டும் வரவழைக்கும். எல்லாம் பஃபரில் சேர்ந்த பிறகே ஒலியாக மாறும்.

சிடி தரப் பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். சாதாரண கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1000 மெகாபிட் தாங்கும். கேபிள் பழுதானால் பாட்டு விட்டுவிட்டு வரும்; இனிமை குறையாது.

நீங்களே சோதியுங்கள்: ஒரே பாட்டை இரு கேபிள்களிலும் காப்பி செய்து எம்டி5 எண்ணை ஒப்பிடுங்கள். மாமா வீட்டில் ஒன்றாகவே இருந்தது. பணம் கல்வராயன் மலைச் சுற்றுலாவுக்கு மிஞ்சியது!